எலுமிச்சையும் சக்கரக் கட்டையும்

என் மகளின் தள்ளுவண்டியில் நல்ல பிரேக் இருக்கிறது. அதை மிதித்து இறுக்கிய பிறகும் சக்கரத்தடியில் என் சப்பாத்து ஒன்றைச் செருகுகிறேன். இது தேவைதானா என்று யோசிக்கிறேன். யோசித்து முடித்து, மற்றச் சப்பாத்தையும் செருகுகிறேன். இந்தப் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது.

நாங்கள் அப்போது இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியா என்ற பகுதியின் சரிவான ஒழுங்கை ஒன்றில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு விமான நிலையத்தில் வேலை. வந்து நிற்கும் விமானங்களின் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது அவர் பொறுப்பு. அந்த ஊரில் பனி கொட்டுவது அபூர்வம். மாரியில் கடற்காற்றும் ஆலங்கட்டி மழையும்தான். எஞ்சின் நின்று, விமானத்தின் வயிற்றடியில் மினுங்கும் சிவப்பு விளக்கும் அணையும்வரை கிட்டப் போகக்கூடாது. ஈரத்தில் கட்டை வழுக்கும், ஆகவே வைத்த கட்டையைத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்குச் சோற்றோடு ஊட்டப்பட்டது. கைக்குழந்தையாயிருந்த தம்பியின் தள்ளுவண்டிக்கும் அப்பா கட்டை வைப்பார்.

"பிள்ளை பறந்து போயிடுமெண்டு பயப்பிடுறார்" என்பார் அம்மா.

அந்த மாரியில் மாமா, அம்மாவுடன் பிறந்தவர், பழைய சரக்கு வான் ஒன்று வாங்கினார். நகரின் ஓரத்தில் சியாகுல்லியில் இருந்த தோட்டத்திலிருந்து மாண்டரின் தோடம்பழங்களைச் சந்தைக்கு ஏற்றுவதாகப் பேச்சு. முதல் நாளே பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார்.

அன்று விடிய ஆலங்கட்டி கொட்டி ஒழுங்கை வெள்ளையாய்க் கிடந்தது. வான் மேட்டைப் பார்த்தபடி நின்றது. அம்மா கற்பூரம் கொளுத்தி, முன்சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அந்த ஊர் எலுமிச்சை கைக்குள் அடங்காது. மேல்மாடியில் குடியிருந்த இத்தாலிய அம்மாள் எட்டிப் பார்த்து, சாலட்டுக்கா என்று கேட்டார். நான் வானுக்குப் பின்னால் தம்பியின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா இரவு வேலை முடிந்து வந்தார். எங்கள் இருவரையும் வாசற்படிக்கு ஏற்றினார். கையுறையையும் கழற்றாமல், கிடந்த பலகைத் துண்டுகளை எடுத்து எல்லாச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் அடைத்தார். உள்ளே இருந்த மாமா அதைக் கவனிக்காமல் எஞ்சினை முடுக்கினார். வான் உறுமியது, நகரவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் நசியாமல் வழுக்கி வெளியே வந்து பள்ளத்தில் உருண்டோடியது.

அம்மாவின் முகம் வெளுத்தது.

"அத்தான், இது பிளேன் இல்லை" என்று மாமா இறங்கி வந்தார். "கட்டையை எடுங்கோ, நேரம் போகுது."

"ஐஸ் கரையட்டும். பிறகு போ."

"கரையுமட்டும் தோட்டக்காரன் எனக்காகக் காவலிருப்பானே?"

"நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை எண்டு சொல்லுவினம்" என்றார் அம்மா. "இண்டைக்குத்தான் கண்ணாலை பாக்கிறன்."

அப்பா வானின் பின்புறத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். இரவெல்லாம் விழித்தவர், நித்திரையில் சாய்ந்து நிற்கிறார் என்று நினைத்தேன். ஐஸ் கரையும்வரை அப்படியே நின்றார்.

மாமா போய்ச் சேர்ந்தபோது வேறொரு லொறி பழம் ஏற்றிக்கொண்டிருந்ததாம். சித்திரை வருடப்பிறப்புவரை அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எனக்கும் அவருடைய கோபம்தான் நியாயமாகப் பட்டது.

அண்மையில் பேத்தியைப் பார்க்க வந்த அப்பா, தள்ளுவண்டிக்கடியில் இருந்த என் சப்பாத்துகளைக் கண்டார். குனிந்து ஒன்றைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்:

"மாமா வான் எடுத்த அண்டைக்கு விடிய, நிண்ட பிளேன் ஒண்டு காத்துக்கு அசைஞ்சது பிள்ளை. என்னோடை வேலை செய்தவன்ரை கால் நசிஞ்சு போச்சு. கட்டை நான் வைச்சதுதான். திரும்பிப் போயும் பாத்தனான்."

வீட்டில் சொன்னால் அம்மா வேலைக்கு விடமாட்டார். வேலை போனால் எங்கள் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அதனால் சொல்லவில்லையாம். அன்றிரவும் வேலைக்குப் போயிருக்கிறார்.

அத்தனை கட்டைகளையும் வைத்துவிட்டு அவர் ஏன் தன் கையையும் வைத்துக்கொண்டு நின்றார் என்பது, வாசற்படியில் நின்ற எனக்கு ஒரு கேள்வியாகக்கூடத் தோன்றவில்லை.