ரமாபாய் போடாத கையெழுத்து

எர்ணாவூர் ரமாபாய் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நாளைக்குப் பத்து நடை. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் முக்கால் மணி நேரம் வண்டி நகராது. அந்த நேரத்தில்தான் அவள் மகள் மித்ரா படித்தாள். பள்ளி விட்டதும் பின் சீட்டு ஓரத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிய மார்ச் மாதத்தில், ஷிப்ட் முடிந்து வரும், கணக்குத் தெரிந்த ஃபிட்டர் யாராவது ஏறினால் போதும், ரமாபாய் மற்றவர்களை நகர்த்திவிடுவாள். "கொஞ்சம் தள்ளி குந்துப்பா, பாப்பாக்கு ஒரு கணக்கு கீது." நானும் அதில் போயிருக்கிறேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இதை அவளே பெருமையாகச் சொன்னாள். அதுதான் வினையாகப் போயிற்று.

எனக்குக் காலடிப்பேட்டையில் மளிகைக் கடை. என் மகள் அனிஷாவும் மித்ராவும் ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தார்கள். ஏப்ரல் கடைசியில் எங்களில் பன்னிரண்டு தாய்மாரைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டுமாம். சந்தேகமான பிள்ளைகளை இப்போதே கழற்றிவிட வேண்டுமாம். நாங்களாக விரும்பி டி.சி. கேட்பதுபோல் கடிதத்தை அவர்களே தயார் செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பிள்ளை கணக்கில் ஃபெயில், போடாவிட்டால் ஒன்பதிலேயே நிறுத்திவிடுவோம் என்று மிரட்டல் வேறு. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

நான் போட்டுவிட்டேன். டி.சி.யை வாங்கிப் போக, தலைமையாசிரியை அறையிலேயே ஓரமாகக் காத்திருந்தேன். அப்போதுதான் ரமாபாய் காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தாள். கடிதத்தை நிதானமாகப் படித்தாள்.

"இது இன்னா மேடம், 'தாய் ஆட்டோ ஓட்டுவதால் வீட்டில் படிக்கும் சூழ்நிலை இல்லை'ன்னு போட்டு கீது?"

"நீங்க சொன்னதுதானேம்மா. பொண்ணு ஆட்டோலதான் படிக்குதுன்னு."

பெற்றவள் பாடுபட்டதையே அவளுக்கு எதிராக எழுத எப்படித்தான் கை வந்ததோ.

"படிக்குதுன்னுதான் சொன்னேன், படிக்கலன்னா சொன்னேன்?" என்றாள் ரமாபாய். "பரீட்சை பேப்பரக் காட்டுங்க."

"அதெல்லாம் பெற்றோருக்குக் காட்டுற வழக்கம் இல்ல."

"பாக்காம கையெழுத்து போட்ற வழக்கம் எனக்கும் இல்ல. இங்கியே குந்திகினு இருக்கேன். சவாரி போனா போவுது."

உட்கார்ந்தேவிட்டாள். தலைமையாசிரியை போன் பேசினார், வெளியே போனார், திரும்பி வந்தார். இவள் அசையவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, வேறு வழியில்லாமல் எழுத்தர் அம்புரோஸை அனுப்பி விடைத்தாள் கட்டை எடுத்து வரச் சொன்னார்.

கணக்கில் மித்ராவுக்கு முப்பத்தொன்பது. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். மற்ற பாடங்களில் இன்னும் அதிகம்.

"பாஸ்தான்," என்றார் தலைமையாசிரியை, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "ஆனா பத்தாவதுக்கு இது பத்தாது."

"அதுக்கு இன்னும் ஒரு வருசம் கீது மேடம். பத்தாவது புக்கு எப்போ தருவீங்க?"

கடிதத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு அவள் ஆட்டோவுக்குப் போனாள்.

கட்டு பிரிந்தே கிடந்தது. கேட்காமலே எழுந்து போய் அனிஷாவின் கணக்குத் தாளைத் தேடி எடுத்தேன். நாற்பத்து நான்கு.

"என் கடிதத்தத் திருப்பிக் குடுங்க மேடம்," என்றேன்.

"டி.சி.ல சீல் வச்சாச்சும்மா. நீங்க விருப்பப்பட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

ஃபெயில் என்று அவர்கள் சொன்னதும் நம்பினேனே, பெற்ற பிள்ளையின் தாளைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டேனா? டி.சி.யை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அனிஷா கேட் ஓரமாக நின்றிருந்தாள்.

"ஃபெயிலாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பாஸ்தான்."

"அப்புறம் ஏம்மா டி.சி. வாங்குன?"