மச்சான் முன்னால் மறைத்த மாத்திரை

குளிக்கும்போது கையில் பட்டது. விதைப்பையின் வலப்பக்கம் கல்போல ஒரு தடிப்பு. வலி இல்லை.

பல வருடங்களாக லித்தியம் (மனநிலை ஏறி இறங்காமல் காக்கும் மருந்து) சாப்பிடுகிறேன். கை நடுக்கம், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் என அது தரும் தொல்லைகள் பழகிப்போனவை. இதுவும் அதன் வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால் யார் முன்னாலும் வேட்டியை அவிழ்க்க வேண்டியதில்லை.

எனக்குப் பாபநாசம் பக்கத்தில் விவசாயம். குறுவை அறுப்பு முடிவதற்குள், வரப்பில் நடந்தாலே அந்த இடம் கனத்தது. மனைவி செல்வியிடம் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"நாளைக்கே தஞ்சாவூர் போறோம்" என்றாள்.

காரில் அழைத்துப்போனவர் அவள் அண்ணன். என் மனநோய் அவருக்குத் தெரியாது.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "கட்டிதாங்க. அந்தப் பக்க விதையையே எடுத்துடணும். வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

மச்சான் பக்கத்தில் நின்றார். கட்டி எங்கே என்பது அவர் காதில் விழுந்ததையே தாங்க முடியவில்லை. "இல்லீங்க" என்றேன்.

"சாப்பிடுறாருங்க. லித்தியம்" என்றாள் செல்வி.

நான் தரையைப் பார்த்தேன்.

"இத மறைக்கக் கூடாதுங்க. ஆபரேஷனுக்கப்பறம் நாங்க குடுக்குற சில வலி மாத்திரையே லித்தியத்த ரத்தத்துல ஏத்திவிட்டுடும்" என்றார் டாக்டர். உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

வெளியே வந்ததும் மச்சான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"இதுனாலதான் கை நடுங்குதா மாப்ள? நீங்க குடிக்கிறீங்கன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

குடிகாரன் என்று நினைத்தும் இத்தனை வருடம் என்னிடம் மரியாதை குறையாமல் இருந்திருக்கிறார். அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து வந்த நோயியல் அறிக்கை (அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்து எழுதுவது) செமினோமா என்றது. விதையில் வரும் ஒருவகைப் புற்றுநோய். பரவவில்லை. இப்போது கண்காணிப்பு மட்டும்தான். உங்களுக்கும் இப்படி ஒரு தடிப்பு இருந்தால், கூச்சம் போகும்வரை காத்திருக்காதீர்கள். எனக்கு அது இன்னும் போகவில்லை.

சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறேன். முன்பு அறுப்புவரை ஒரே மூச்சில் யோசிப்பேன். இப்போது அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான் யோசனை போகிறது.

விதையை எடுக்க அடிவயிற்று ஓரத்தில் கீறிய தழும்பைச் செல்வி பார்க்கக் கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு காட்டினேன்.

"தொடுறது தெரியுதாங்க?" என்றாள்.

தெரியவில்லை. அந்த இடம் மரத்திருந்தது. அவள் விரல் எங்கே இருக்கிறது என்று அறிய, நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.