ஜம்புலிங்கம் மண்டையில் ஏறிய கரண்ட்

எங்கள் பாவா ஜம்புலிங்கத்துக்கு அறுபத்தெட்டு வயது. திருத்தணி மலைப்படி அடிவாரத்தில் முப்பத்தோரு வருஷமாகச் செருப்புப் பார்த்துக்கொள்கிறார். பக்கத்துத் தேங்காய்க் கடை என்னுடையது. அவர் கட்டியிருப்பது என் அக்கா ஹேமாவதியை. ஆகவே அவருடைய அலட்டலைத் தாங்குவது என் தலையெழுத்து.

டோக்கன் கொடுக்க மாட்டார். முகத்தையும் பார்க்க மாட்டார். முடியோடு ஏறுகிறவர்கள் மொட்டையும் சந்தனமுமாக இறங்கும் ஊரில் முகத்தை நம்பி என்ன பிரயோஜனம்? காலைத்தான் பார்ப்பார். பார்த்ததும் சரியான ஜோடியை எடுத்து நீட்டுவார்.

போன ஆடிக் கிருத்திகையில் அது பிசகியது. புத்தூரிலிருந்து வந்த அண்ணன் தம்பியில் ஒருவருக்கு இரண்டு இடது கால் செருப்பு, இன்னொருவருக்கு இரண்டு வலது. அவர்கள் தெலுங்கில் திட்டியது மலை உச்சிவரை கேட்டிருக்கும்.

"டோக்கன் வைங்க. இல்லாட்டி கடைய மூடிட்டு அரக்கோணத்துல பொண்ணு வூட்டுக்குப் போயிடலாம்" என்றாள் அக்கா.

"டோக்கன் வச்சா அப்புறம் நான் எதுக்குடி?" என்றார் பாவா. அன்று அவர் சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்து கே.ஜி.கண்டிகையில் ஓர் ஆராய்ச்சி முகாம் போட்டார்கள். அறுபது தாண்டிய, நோய்நொடி இல்லாதவர்களின் மண்டையில் லேசாகக் கரண்ட் விட்டால் ஞாபகம் கூடுமா என்று பத்து நாள் பார்ப்பார்களாம். பாவா முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். முடி கரண்டை மறிக்கும் என்று தானே முடிவுகட்டி, முருகனுக்கு மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனத்தை அப்பிக்கொண்டு போய் நின்றார்.

"ஐயோ தாத்தா, கழுவிட்டு வாங்க!" என்றாள் ஆராய்ச்சிக்கு வந்திருந்த தேவிப்பிரியா.

ஈரப் பஞ்சைத் தலையில் வைத்துக் கட்டியதுமே, "ஏறுது, ஏறுது!" என்று கூவினாராம். அதிலிருந்து தினமும் சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்துகொண்டு, பத்து வருஷத்துக்கு முன்னால் வந்துபோன கால்களையெல்லாம் வர்ணிக்க ஆரம்பித்தார். என் வியாபாரம் பாழ்.

கடைசி நாள் பரீட்சைக்கு நானும் அக்காவும் போனோம். இருபது முகப்படங்களைக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து எதெல்லாம் பார்த்த முகம் என்று கேட்டார்கள். பாவா நாலுதான் சொன்னார். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

"மூஞ்சிய எவன் பாத்துகினு இருந்தான்? காலைக் காட்டும்மா!" என்று கத்தினார்.

தேவிப்பிரியா நல்ல பெண். பத்து நாளாகக் கூட வந்த பன்னிரண்டு பேரையும் ஒரு போர்வைக்குப் பின்னால் நிறுத்தி, கால்களை மட்டும் காட்ட வைத்தாள். பாவா ஒருவர் விடாமல் பேர் சொன்னார்.

"இதுக்கு மார்க் இல்ல தாத்தா. ஆனா ஒண்ணு. பாதிப் பேருக்குக் கரண்டே விட மாட்டோம், சும்மா கட்டி வைப்போம்னு மொத நாளே சொன்னோமில்ல? நீங்க அந்தப் பாதி."

"கேட்டியா ஹேமா? கரண்ட் இல்லாமயே ஓடுது!" என்று குதித்துக்கொண்டு வெளியே வந்தவர், வாசலில் கிடந்த என் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். ஊரார் காலையெல்லாம் பார்த்த மனிதர், தன் காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்னுடையது நீல ரப்பர். அவருடையது கறுப்புத் தோல்.

அக்காவும் பார்த்துவிட்டாள். கூப்பிட வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதடா தேசப்பா. டோக்கன் வேணாம், அரக்கோணமும் வேணாம். நீ பக்கத்துலயே இருந்து பாத்துக்கோ."

"ஆங்" என்றேன். அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டேன். ஒரு சைஸ் சின்னது, நன்றாகக் கடித்தது. பஸ் நிற்கும் இடம்வரை அப்படியே அவர் பின்னால் நடந்தேன்.