அப்பாவைப் பற்றி நான் சொன்ன சாட்சி

என் அப்பா ஒரு நாளும் அம்மாவைக் கை நீட்டி அடித்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இலங்கை மலைத் தேயிலைத் தோட்டங்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இதற்கு நேர் எதிராகச் சொல்லிவிட்டு வந்தவள் நான்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நாகலாபுரம் பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் எங்கள் ஊர். அப்பாவுக்கு அங்கே மானாவாரிக் கரிசல். மழையைப் பார்த்து உளுந்தோ பருத்தியோ போடுவார். டவுனில் ஓர் ஊழியக் குழு, பத்து நாள் மிஷன் பயணமாக இலங்கைக்குப் போக எட்டுப் பேரைத் திரட்டியபோது நானும் பெயர் கொடுத்தேன். ஊழியத்தில் ஆர்வம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். விமானத்தில் ஏறும் ஆசையும் அதற்குக் குறையாமல் இருந்தது.

கிளம்புவதற்கு முன் நாலு சனிக்கிழமை பயிற்சி நடந்தது. ஒவ்வொருவரும் ஐந்து நிமிடச் சாட்சி தயாரிக்க வேண்டும்: முன்பு எப்படி இருந்தேன், ஆண்டவர் எப்படித் தொட்டார், இப்போது எப்படி இருக்கிறேன். ஒருவர் சீட்டாட்டத்தில் வீட்டையே தொலைத்தவர். ஓர் அக்காவை டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். என் முறை வந்தபோது, சின்ன வயதிலிருந்தே ஞாயிறு பள்ளிக்குப் போகிறேன், அப்பா அம்மா நல்லவர்கள் என்று சொல்லி ஒரு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா, இதுல மாற்றம் எங்கன இருக்கு?” என்றார். வீட்டில் கஷ்டமே வந்ததில்லையா என்று மேலும் தூண்டினார்.

எனக்கு ஒரு சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. நான் ஆறாவது படித்த வருடம், பறிப்புக்கு நின்ற பருத்தி முழுவதும் மழையில் நனைந்து கறுத்துப்போனது. அன்றைக்கு அப்பா குடித்துவிட்டு வந்தார். வீட்டுக்குள் வரக் கூச்சப்பட்டு ஆட்டுக்கொட்டிலிலேயே படுத்துக்கொண்டார். அம்மா சோற்றை அங்கே கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் காலையில் “இனி இல்ல” என்றார். அதற்குப் பிறகு இல்லவே இல்லை. மொத்தக் கதையும் அவ்வளவுதான்.

அதைச் சொல்ல ஆரம்பித்ததுமே தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பா குடிப்பாரா?” என்று கேட்டார். “குடிச்சாரு” என்றேன்.

முதல் தோட்டத்தில் அந்த ஒரு நாளை ஒரு வருடமாக்கினேன். பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது தோட்டத்தில் அது பத்து வருடமாயிற்று, அம்மாவுக்கு அடியும் விழுந்தது. மூன்றாவதில் அப்பா என் பாடப் புத்தகங்களை அடுப்பில் போட்டார். சொல்லச் சொல்ல நாக்கு பழகிவிட்டது. நான் அழுதேன், அதுவும் நிஜமாகவே அழுதேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மலையில் குளிரும் என்று அப்பா கோவில்பட்டிக் கடைத்தெருவில் அலைந்து வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் அவரைக் குடிகாரராக்கிக்கொண்டிருந்தேன்.

நான்காவது தோட்டத்தில் கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கன்னம் கன்றியிருந்தது. “உங்க அப்பா மாறின மாதிரி எங்க வீட்டுக்காரரும் மாறுவாரா அக்கா?” என்று கேட்டு அழுதாள். கண்டிப்பாக மாறுவார், விடாமல் ஜெபம் பண்ணுங்கள் என்றேன். தலைவர் அதையும் சேர்த்து செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார்.

மதுரையில் இறங்கி போனைப் போட்டதும் பார்த்தேன். அந்த வீடியோ எங்கள் ஊர்ச் சபையின் வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்திருந்தது. அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள். கோவில்பட்டி வந்து சேருவதற்குள் என்னென்னவோ சமாதானம் யோசித்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

ஊர் நிறுத்தத்தில் அப்பா வண்டியோடு நின்றார். பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, “குளிரு ரொம்பவா?” என்று மட்டும் கேட்டார். வீட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டே, “வீடியோவ ரெண்டு பேரும் பாத்தோம். ஏம்ட்டி அப்படிச் சொன்ன?” என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். “விடு. சாப்பிடுத பிள்ளகிட்டப் போயி” என்றார் அப்பா. பிறத்தியார் ஆடு உளுந்துக்குள் இறங்கினால்கூடக் கல்லெடுக்காமல் கையைத் தட்டி விரட்டுகிறவர். அன்றைக்கு என்னை ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊர் அதை நம்பிய வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம் வந்து, “இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லலியே மதினி. வீட்டுக்குள்ள நடக்குதது யாருக்குத் தெரியுது” என்று மூக்கைச் சிந்தினாள். அம்மா அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என்னை முன்னால் கூப்பிட்டார். தேயிலை, குளிர், பாட்டு என்று பேசி ஒப்பேற்றிவிடலாம் என்று போனேன். “அந்தச் சாட்சியை நம்ம சபையிலயும் சொல்லுங்கம்மா” என்றார் அவர். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன். அது பொய் என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் போதகர், குழு, பள்ளிக்கூடம் என்று அத்தனை பேர் முன்னால் நான் பொய்க்காரி ஆவதைவிட, அப்பா குடிகாரராகவே இருந்துவிட்டுப் போவது எனக்கு வசதியாக இருந்தது. அழகாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அப்போது ஆண்கள் பக்கம் கடைசி வரிசையிலிருந்து அப்பா எழுந்தார்.

“ஐயா, அவ சொல்லக் கூச்சப்படுதா. நானே சொல்லுதேன். நான் குடிச்சேன். வீட்டுக்காரிய அடிச்சேன். ஆண்டவர் மாத்திட்டாரு.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. போதகர் இறங்கிப் போய் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். பெண்கள் பக்கத்தில் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கை அதன் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது, “ஏம்ப்பா அப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்ததோ.

“அந்தப் பிள்ள ஒன் கையப் பிடிச்சிட்டு அழுதத பாத்தேன். இப்பப் போயி எல்லாம் பொய்னு சொன்னா அது என்ன செய்யும்?” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “ஒன்னையும் எவன் மதிப்பான்?” என்றார்.

போன வாரம் குழுத் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பக்கத்து ஊரில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம், முதல் நாள் அப்பா பத்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டுமாம். மறுக்கத் தெரியாமல் அப்பா தலையாட்டினார். தலைவர் போன பிறகு அப்பா என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

“ஏட்டி, நான் என்னென்ன செஞ்சேன்னு எழுதிக் குடு. எனக்கு ஒண்ணும் தெரியாதுல்லா.”

அவர் முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை. பரீட்சைக்குப் படிக்கிறவரைப் போல நின்றார். வேண்டாம்ப்பா, நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கை அதற்குள் பேனாவை எடுத்திருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “கையால அடிச்சாருன்னு மட்டும் எழுது. கம்பு கட்டையெல்லாம் வேண்டாம்.”

அப்படியே எழுதினேன்.