திறக்க மறுத்த டிக்கெட்

இன்று விளையாட்டு மைதான வாசல் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மையாரின் கைப்பேசியில் டிக்கெட் திறக்கவேயில்லை.

"உள்ள என் பொண்ணு ஓடப்போறா சார். இது சுத்திக்கிட்டே இருக்கு!"

மைதானங்களுக்கு வைஃபை வடிவமைப்பது என் தொழில். இத்தனை கைப்பேசிகள் ஒரே இடத்தில் குவிந்தால் எந்த நெட்வொர்க்கும் திணறும்.

"கூட்டத்த விட்டு, சிவாஜிநகர் பஸ் நிக்கிற பக்கம் போங்கம்மா, அங்க திறக்கும். உங்க இடத்த நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர் ஓடினார்.

பின்னாலிருந்தவர் சீறினார்: "ஏன் சார், லைன்லயும் ரிசர்வேஷனா?"

வரிசை ஒழுங்கை ஊருக்கெல்லாம் போதிப்பவன் நான்.

ஓட்டம் தொடங்குமுன் அம்மையார் டிக்கெட்டுடன் திரும்பி வந்து உள்ளே சென்றுவிட்டார்.

இருக்கைகளை எண்ணி நெட்வொர்க் அமைக்கிறோம். வாசலில் நிற்பவர்களை எண்ணுவது யார் பொறுப்பு? தொழில் நண்பர்கள் விளக்கலாம். திட்டு மட்டும் வேண்டாம், இன்றைய பங்கு வந்துவிட்டது.