புஷ்பா அக்கா வீட்டுப் புளிமாவு

புஷ்பா அக்கா போய்விட்டார்...

நேற்று விடிந்ததும் அக்காவின் வீட்டுக்காரர் மணியம் அண்ணனிடமிருந்து போன். ஆஸ்பத்திரியில் இருந்து பேசினார். அழவில்லை.

"அவ போயிட்டாம்மா. நீ உடனே வீட்டுக்குப் போ. அந்த போத்தல பாத்துக்க."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

அக்காவைத் தெரியாத நண்பர்களுக்காக... சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் என்னோடு வேலை பார்த்தவர். அப்புறம் பீடோங்கில் வீட்டிலேயே சவர்டோ என்ற புளிப்பு ரொட்டி சுட்டு விற்றார். அந்த போத்தலில் இருந்தது ரொட்டியைப் பொங்க வைக்கும் ஸ்டார்ட்டர். நாங்கள் புளிமாவு என்போம்.

அது உயிருள்ள சாமான். மாவும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் பாதியை வெளியே எடுக்க வேண்டும். அந்த மீதியைப் பல பேர் சிங்க்கில் கொட்டிவிடுவார்கள். அக்காவிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்... அன்றைக்கு உங்களுக்கு அர்ச்சனைதான்.

மீதியைத் தோசை மாவில் கலப்பார். வாழைப்பழத்தோடு பிசைந்து பொரிப்பார். சீரகம், கறிவேப்பிலை போட்டு மெல்லிசாகத் தேய்த்து பிஸ்கட் மாதிரி சுடுவார். அதற்கும் மேல் மிஞ்சினால் ஜாம் போத்தல்களில் எங்கள் தலையில் கட்டுவார். வாங்கியதைத் தீர்த்தோமா என்று போன் போட்டுக் கேட்பார். வசூலுக்கு வருபவர்கூட அப்படிக் கேட்கமாட்டார்.

அண்ணனுக்குச் சீனி வியாதி. அவருக்காக பாதாம் மாவு, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, முட்டை, அதோடு இந்த மீதி மாவும் சேர்த்து மாவுச்சத்து குறைந்த லோ கார்ப் ரொட்டி சுட ஆரம்பித்தார்.

முதல் ரொட்டி அன்று நானும் அங்கே இருந்தேன். அண்ணன் சாப்பிட்டார். பிறகு அக்கா அவர் விரலைக் குத்தி, ரத்தத்தைச் சீனி பார்க்கும் மெஷினில் வைத்தார். மூன்று பேரும் அந்தக் குட்டி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நம்பர் எங்கேயோ ஏறி நின்றது. அக்கா முகம் செத்துப்போனது. மீதி தீர வேண்டும் என்று புளிமாவை அள்ளிப் போட்டிருந்தார். அதுவும் கோதுமைதானே.

அடுத்த தடவை புளிப்பு வாசத்துக்கு இரண்டு கரண்டி மட்டும். மறுபடியும் விரல், மறுபடியும் மெஷின். இந்த முறை நம்பர் பெரிதாக அசையவில்லை. அக்கா சிரிக்கக்கூட இல்லை. "இன்னொரு துண்டு தின்னுங்க, பாப்போம்" என்றார்.

கடைசியாகப் பார்த்தது வார்டில். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். என் போனில் வீடியோ கால் போட்டு, வெந்நீர்கூட வைக்கத் தெரியாத அண்ணனுக்கு மாவு ஊட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து முறைத்தார். அக்கா நிறுத்தவில்லை.

"நீ வர்ற வரைக்கும் இத உயிரோட வச்சிருக்கிறேன், போதுமா?" என்றார் அண்ணன்.

அதனால்தான் நேற்று நான் இருக்கும் செமிலிங்கிலிருந்து பீடோங்குக்குக் காடியை அப்படி விரட்டி ஓட்டினேன். அண்ணனுக்குப் பயம் எதற்கென்று எனக்குத் தெரியும்...

நான் போய்ச் சேருவதற்குள் அண்ணனின் பெரிய அக்கா வந்துவிட்டார். சாவு வீட்டில் சமைத்தது, புளித்தது எதையும் வைக்கமாட்டோம் இல்லையா... பிரிட்ஜ் காலி. குழம்பு, தோசை மாவு, அந்த போத்தல், எல்லாம் கொட்டியாகிவிட்டது. போத்தல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அவர்மேல் தப்பில்லை. ஆனாலும் எனக்கு வந்த கோபத்தை வாயைத் திறந்து காட்டாமல் விழுங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். யாரிடமாவது அக்கா கொடுத்த மாவு இருக்கிறதா? கொஞ்சம் போதும்.

பதில்கள் வரிசையாக வந்தன. தோசையில் ஊற்றிவிட்டேன். பிஸ்கட் சுட்டுவிட்டேன். நேற்றுதான் தீர்ந்தது... அக்கா பேச்சை ஒருத்திகூட மீறவில்லை. அங்கே அக்காவை ஏற்றிக்கொண்டு வேன் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டது என்று தகவல்.

அப்போது ஜமீலா அக்கா கூப்பிட்டார். பீடோங் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கடை பிரிட்ஜின் அடியில், எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு போத்தல் கிடக்கிறதாம். வாங்கி வைத்ததே மறந்துபோச்சாம்.

"மேல கருப்பா தண்ணி நிக்குதும்மா. பெயிண்ட் வாடை வேற அடிக்குது. இத எப்படிலா சாவு வீட்டுக்குக் கொண்டாருவேன்?"

மாவு பட்டினி கிடந்தால் அப்படித்தான் ஆகும், தயவுசெய்து எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். கெஞ்சுகிற என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வேன் முதலில் வந்தது. அக்காவை ஹாலில் கிடத்தினார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்காமலே புரிந்துகொண்டு அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

சடங்கு ஆரம்பிக்கும்போது ஜமீலா அக்கா பிளாஸ்டிக் பையோடு வந்தார். அண்ணன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"உயிர் இருக்கு" என்றார். மூடியை இறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு வந்ததும் போத்தலைக் கேட்டார். கருப்புத் தண்ணீரை வடித்தார். பாதியை ஒரு கிண்ணத்தில் எடுத்தார். புது மாவு போட்டார், தண்ணீர் ஊற்றினார், கலக்கினார். பிறகு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இந்த மீதிய என்னா பண்றது?"

வீடு நிறைய ஆட்கள்.

அவருடைய பெரிய அக்காதான் எழுந்து வந்தார். காலையில் அதைக் கொட்டிய அதே கைகளை நீட்டினார்.

"குடு தம்பி. கொட்டமாட்டேன்."

காடியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

போய் வாருங்கள் அக்கா...