மதியத் தூக்கத்தில் நான்கு ஷூக்கள்

நோயெமி ஆல்வரெங்கா விடியுமுன்னே எழுந்து, இரண்டு பேருந்து மாறிப் போய், அலுவலகங்களின் தரையைத் துடைத்துவிட்டு அப்படியே கல்லூரிக்குப் போகிறவள். வயது நாற்பத்தொன்பது. எல் சால்வடோரிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்த நாளாக அடுத்தவர் பிள்ளைகளை இடுப்பில் சுமந்தவள். எந்தப் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, எது பொய் அழுகை என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவாள். ஆனால் பாலர் பள்ளியில் ஆசிரியையாக நிற்க அது போதாதாம். காகிதம் வேண்டுமாம். அதற்காகத்தான் சமுதாயக் கல்லூரியில் ‘குழந்தை வளர்ச்சியும் குடும்பமும்’ என்ற படிப்பில் சேர்ந்தாள். நான்கு பாடங்களில் மூன்று தேறியாயிற்று. நான்காவதும் தேறினால் ஆகஸ்டில் அடுத்த தெருப் பாலர் பள்ளியில் வேலை. தேறாவிட்டால் அதே துடைப்பம்.

நான்காவது பாடம் என்னவென்றால், பார்ப்பது. சும்மா பார்ப்பதுதான். கல்லூரிக்குள்ளேயே பிள்ளைகள் அறை ஒன்று இருக்கிறது. அதன் மூலையில் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஒரு பிள்ளையை நாற்பது நிமிடம் பார்த்து, கண்ணில் பட்டதை மட்டும் நேரம் போட்டு எழுத வேண்டும். பிள்ளையைத் தொடக்கூடாது, அதனுடன் பேசக்கூடாது. ‘சோகமாக இருந்தான்’ என்று எழுதினால் பேராசிரியை டோகுடா பச்சை மையில் வட்டம் போட்டுவிடுவார்.

“சோகத்த எங்க பாத்தீங்க? உதட்டுலயா, கையிலயா? அத எழுதுங்க.”

நோயெமியின் தாளில் எப்போதும் வட்டங்கள்தான். பக்கத்தில் உட்காரும் டெய்ஸி, இருபத்திரண்டு வயதுக்காரி, அவளும் சால்வடோர்க்காரி, எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். பெரியவர்களை அவர்கள் ஊரில் ‘நீன்யா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி.

“நீன்யா நோயெமி, உங்க தாளு தர்பூசணித் தோட்டமாட்டம் இருக்கு.”

“வாய மூடுடி. மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியாதா?”

“தெரியுது. அதான் தொல்லை. தெரிஞ்சத எழுதுறீங்க, பாத்தத எழுத மாட்டேங்கறீங்க.”

கடைசித் தாளுக்கு நோயெமிக்கு வாய்த்த பிள்ளை ஆமாரி. இரண்டரை வயது. வாய்த்த நேரம் மதியத் தூக்கம். அந்த அறையில் எல்லாப் பிள்ளையும் தூங்கினாலும் ஆமாரி தூங்க மாட்டான்.

ஜன்னல் திரையை இறக்கினார்கள். அறை தண்ணீருக்குள் போன மாதிரி நீலமாயிற்று. அலமாரியில் ஒரு சின்னப் பெட்டி கடல் இரைச்சலை ஓயாமல் போட்டுக்கொண்டிருந்தது. குட்டிக் கட்டில்கள் படகுகள் போல வரிசையாக நின்றன. ஆயா ஒருத்தி ஒரு முதுகைத் தட்டினாள், தட், தட், தட். ஆரஞ்சுத் தோல் வாசனை. நோயெமி எழுதினாள்: 12:48, ஆமாரி உட்கார்ந்திருக்கிறான். 12:50, ஒரு ஷூவைக் கழற்றுகிறான். தட், தட். மூன்றரை மணிக்கு எழுந்த உடம்பு. படகுகள் மெல்ல நகர்ந்தன. அவளையும் இழுத்துக்கொண்டு போயின.

கண் திறந்தபோது 1:24. அவள் மடியில் ஒரு சின்ன ஷூ இருந்தது. ஆமாரி அவள் காலடியில், வெறும் தரையில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

பிள்ளையைப் பார்க்கப் போனவளே தூங்கிவிட்டாள். அதை அவள் குற்றம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அறையில் கல்லும் தூங்கும்.

வராந்தாவில் டெய்ஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சரி, நடுவுல நாலு வரி போட்டு நிரப்புங்க. புரண்டான், கொட்டாவி விட்டான், தூங்கினான்னு. யாருக்குத் தெரியப் போகுது?”

“நான் பாக்கலையே.”

“வேலை போயிடும், நீன்யா.”

“பாத்தத எழுதுன்னு நீதானடி சொன்ன.”

சொன்னபடியே எழுதினாள்: 12:51 முதல் 1:24 வரை பார்ப்பவள் தூங்கினாள். 1:24, பார்ப்பவளின் மடியில் இடது ஷூ. எப்படி வந்தது என்று பார்க்கவில்லை.

டோகுடா அதை இரண்டு முறை வாசித்தார். “முதல் தடவையா உங்க தாள்ல ஒரு வட்டமும் இல்ல. ஆனா முப்பத்திமூணு நிமிஷத்தக் காணோம். வெள்ளிக்கிழமை திரும்ப உக்காருங்க. அதுதான் கடைசி. அப்பவும் தூங்கினீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

வெள்ளிக்கிழமை நோயெமி கருங்காப்பி இரண்டு குவளை குடித்துவிட்டுப் போனாள். தட்டிக்கொடுக்கத் துடித்த இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அதே நீலம், அதே கடல். படகுகள் நகரப் பார்த்தன. அவள் விடவில்லை.

12:50, இடது ஷூவைக் கழற்றுகிறான். 12:52, வலது ஷூ. 12:53, இரண்டையும் தூக்கிக்கொண்டு வருகிறான். பார்ப்பவளின் ஷூவுக்குப் பக்கத்தில் வைக்கிறான். 12:55, நான்கு ஷூவையும் பார்க்கிறான். கதவைப் பார்க்கிறான். ஷூவைப் பார்க்கிறான். 12:58, கட்டிலுக்குப் போகிறான். தலையைத் தூக்கி ஷூக்களைப் பார்க்கிறான். 1:06, கண் மூடியிருக்கிறது.

யாரும் தட்டவில்லை. தாலாட்டவில்லை. இத்தனை வருஷத்தில் தட்டாமல் ஒரு பிள்ளையும் தூங்கி அவள் பார்த்ததில்லை. கை சும்மா இருந்தால்தானே பார்ப்பதற்கு. 1:28க்கு நாற்பது நிமிடம் முடிந்தது. அவள் குனிந்து தன் ஷூ நாடாவை அவிழ்த்தாள்.

டோகுடா தாளை வாசித்து முடித்தார். பச்சைப் பேனா மூடியபடியே இருந்தது. பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் தரையைப் பார்த்தார். நோயெமி சாம்பல் நிறக் காலுறையோடு நின்றிருந்தாள். ஒரு கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

“ஷூ எங்க?”

“அங்கயேதான் இருக்கு, டீச்சர். அவன் முழிச்சுப் பாக்கும்போது நாலும் இருக்கணும்ல.”

“ஏன்? அவன் என்ன நெனைக்கறான்னு தாள்ல ஒண்ணும் எழுதலையே நீங்க.”

“அது நான் பாத்தது இல்ல, டீச்சர். நெனச்சது. ஷூ இருந்தா ஆளும் போகலன்னு.”

டோகுடா பேனாவைத் திறந்து, தாளின் மேல் மூலையில் ‘தேர்ச்சி’ என்று எழுதினார்.

“எத்தன மணிக்கு எழுந்திருப்பான்?”

“ரெண்டரைக்கு.”

“அப்ப உக்காருங்க,” என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டார்.